கழுத்தைத் திருப்புனா வர்ற மயக்கமும் பேஸ்மேக்கரும்: நம்ம எல்லைப்பக்கத்து ஆளுங்க கேக்குற கேள்விகள்

கார்டியாலஜி டிபார்ட்மெண்ட்ல ஈசிஜி, பேஸ்மேக்கர் (இதயம் நிக்காம துடிக்க வைக்க நெஞ்சுல தோலுக்கு அடியில வைக்கிற சின்ன பெட்டி) செக்கப் பாக்குற டெக்னீசியன் நான். தமிழ்நாடு கேரளா எல்லையில இருக்குற களியக்காவிளைக்கு இந்தப்பக்கம், கன்னியாகுமரி மாவட்டத்துல வீடு, வேலை அந்தப்பக்கம் கேரளாவுல. டாக்டர் எல்லாம் சொல்லி முடிச்சு வெளிய வந்ததும் ஆளுங்க என்கிட்ட வந்துதான் திரும்ப கேப்பாங்க, அதுவும் தமிழ்ல பதில் சொல்ல ஒருத்தன் கிடைச்சா விடுவாங்களா. மார்த்தாண்டம், அருமனை, குலசேகரம், பாறசாலைன்னு எல்லா பக்கத்துல இருந்தும் வர்றவங்க கேக்குறது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான், அதனால சேத்து எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்ல. மாத்திரைய நிறுத்துறது கூட்டுறது எல்லாம் உங்க டாக்டர்கிட்டதான் பேசணும்.

கரோட்டிட் சைனஸ் சிண்ட்ரோம்னு சீட்டுல எழுதியிருக்கு, அப்படின்னா என்ன?

தாடை எலும்பு மடங்குற இடத்துக்கு கொஞ்சம் கீழ கழுத்துல விரல் வச்சா நாடி துடிக்குதுல்ல, அதுதான் மூளைக்கு ரத்தம் கொண்டுபோற கரோட்டிட் குழாய். அது ரெண்டா பிரியிற இடத்துல லேசா உப்பலா ஒரு பகுதி இருக்கும், அதுக்குப் பேரு கரோட்டிட் சைனஸ், வலது இடது ரெண்டு பக்கமும் உண்டு. ரத்த அழுத்தம் எவ்வளவு இருக்குன்னு பாத்து மூளைக்கு தகவல் அனுப்புற நரம்பு முனைகள் அங்கதான் இருக்கு. பிரஷர் ஏறுச்சுன்னா மூளை உடனே வேகஸ் நரம்பு வழியா இதயத்த மெதுவாக்கும், ரத்தக்குழாய்களையும் தளர்த்தி விடும், பிரஷர் இறங்கிடும். எல்லாருக்கும் நடக்குறது இது.

வீட்டு மாடி டேங்க் நிறைஞ்சதும் மோட்டார தானா ஆஃப் பண்ற சென்சர் இருக்குல்ல, அந்த வேலைதான். சிலருக்கு வயசாகும்போது இந்த சென்சர் ரொம்ப சென்சிட்டிவ் ஆயிடுது, கழுத்துல சட்டைக் காலர் அமுங்கினாலே பிரஷர் கூடிப்போச்சுன்னு நினைச்சு மோட்டார நிறுத்திடும். இதயம் சில செகண்ட் நிக்கும், இல்லன்னா பிரஷர் தடால்னு விழும், இல்லன்னா ரெண்டும் சேந்து நடக்கும். மூளைக்கு ரத்தம் போகாது, ஆள் போதம் கெட்டு விழுந்திடுவாரு.

இது புது நோயா? எங்க தாத்தா காலத்துல கேள்விப்பட்டதே இல்லையே?

இருந்துச்சு, பேரு தெரியாம இருந்துச்சு. அமெரிக்காவுல வைஸ், பேக்கர்னு ரெண்டு டாக்டருங்க 1933லயே இத நோயா விவரிச்சு எழுதிட்டாங்க. இந்த கரோட்டிட் சைனஸ் மூச்ச எப்படி கட்டுப்படுத்துதுன்னு கண்டுபிடிச்சதுக்கு பெல்ஜியத்துக்காரர் ஹேமன்ஸுக்கு 1938ஆம் வருசத்து நோபல் பரிசே குடுத்தாங்க. நம்ம ஊர்ல "திடீர்னு தலகறக்கம் வந்து விழுந்தாரு, அதோட சரி"ன்னு சொல்லி முடிச்சிருப்பாங்க.

யாருக்கு வரும்?

50 வயசு தாண்டின ஆம்பளைங்களுக்குத்தான் அதிகம், பெண்களுக்கும் வரும். 40க்கு கீழ ரொம்ப ரொம்ப அபூர்வம், அதனால 22 வயசு பையன் மயங்கி விழுந்தா இத யோசிக்க வேண்டாம், வேற காரணம் தேடணும்.

எப்ப எப்ப வரும்?

ஷேவ் பண்ணும்போது, டைட்டா காலர் பட்டன் போட்டா, ஹெல்மெட் வார் கழுத்துல இறுக்கினா, கார ரிவர்ஸ் எடுக்க தலைய முழுசா திருப்பினா, தென்னைல குலை பாக்க அண்ணாந்தா. கழுத்துல கட்டி இருந்து அது அமுக்கினாலும் வரலாம். முடிவெட்டுற கடையில கடைசியில தலைய பிடிச்சு டக்குனு ஒரு திருப்பு திருப்பி சொடக்கு எடுப்பாங்கல்ல, அத இந்த நோய் இருக்குறவங்க மட்டும் இல்ல யாருமே பண்ணிக்க வேண்டாம்னுதான் சொல்வேன், கழுத்து ரத்தக்குழாய் உள்சுவர் கிழிஞ்சு ஸ்ட்ரோக் வந்த கேஸ் எல்லாம் மருத்துவத்துல பதிவாயிருக்கு.

ஆனா பெரும்பாலான ஆளுங்களுக்கு இப்படி தெளிவா ஒரு காரணமே இருக்காது. நின்னுட்டு இருந்தேன், விழுந்தேன், அவ்வளவுதான் சொல்லத் தெரியும். அதனால "நான் கழுத்த திருப்பவே இல்லையே, அப்புறம் எப்படி இந்த நோய்"னு டாக்டர்கிட்ட சண்டை போட வேண்டாம்.

எங்க அப்பாக்கு கை கால் வெட்டி வெட்டி இழுத்துச்சு, பிட்ஸ்னு சொல்லி மாத்திரை ஓடுது. அது இதுவா இருக்குமோ?

இருக்கலாம். இதயம் பத்து செகண்ட் நின்னா மூளைக்கு ஆக்சிஜன் இல்லாம கை கால் கொஞ்சம் வெட்டும், கண்ணு மேல சொருகும், சிலருக்கு மூத்திரம் கூட போயிடும். பாக்குறவங்களுக்கு அது காக்கா வலிப்பு மாதிரிதான் தெரியும், உடனே யாராவது ஓடிப்போய் இரும்பு சாவிய எடுத்து கையில திணிப்பாங்க. அதுக்குள்ள இதயம் தானா துடிக்க ஆரம்பிச்சு ஆள் எந்திரிச்சிடுவாரு, சாவி வேலை செஞ்சுதுன்னு பேரு வந்துடும்!

வித்தியாசம் எதுலன்னா, இந்த மாதிரி மயக்கத்துல ஆள் வெளிறிப் போவாரு, கீழ படுத்ததும் சீக்கிரம் தெளியும், தெளிஞ்சதும் இது எந்த இடம்னு சரியா சொல்வாரு. வலிப்புல தெளிய நேரமாகும், நாக்கோட ஓரம் கடிபட்டிருக்கும், அப்புறமும் ரொம்ப நேரம் குழப்பமா இருப்பாங்க. இது நூத்துக்கு நூறு சரியா வரும்னு இல்ல. வீட்ல யாராவது மொபைல்ல வீடியோ எடுத்திருந்தா டாக்டர்கிட்ட காட்டுங்க, அது பல டெஸ்ட்ட விட உபயோகம். வலிப்பு மாத்திரைய மட்டும் நீங்களா நிறுத்திடாதீங்க.

அம்மா மயங்கலைன்னு சொல்றாங்க, வழுக்கி விழுந்தேன்னுதான் சொல்றாங்க, ஆனா இதோட எத்தனையோ தடவை ஆச்சு.

வயசானவங்க மயங்கி விழுந்தா, மயங்கினதே ஞாபகம் இல்லாம போறது சகஜம். பொய் சொல்லல, உண்மையிலேயே தெரியாது. தரை காஞ்சு கிடக்கும், வழுக்குறதுக்கு ஒண்ணும் இருக்காது, ஆனா முகத்துல நெத்தியில அடி. கைய ஊனாம முகம் குப்புற விழுந்திருந்தா, விழும்போது போதம் இருந்திருக்குமான்னு நீங்க சந்தேகப்படணும். எலும்பு டாக்டர் இடுப்பெலும்ப சரி பண்ணி அனுப்பிடுவாரு, ஏன் விழுந்தாங்கன்னு அந்த வார்டுல யாரும் கேக்க மாட்டாங்க, நீங்கதான் கேக்கணும்.

டெஸ்ட் எப்படி எடுப்பாங்க? கழுத்த அமுக்குவாங்களாமே, பயமா இருக்கு.

முதல்ல எல்லாருக்கும் எடுக்குற டெஸ்டு வரும்: ஈசிஜி, எக்கோ, படுத்தும் எந்திரிச்சும் பிரஷர், சிலருக்கு ஒரு நாள் முழுக்க மாட்டிவிடுற சின்ன ஈசிஜி மெஷின், அதுக்குப் பேரு ஹோல்டர். கழுத்துல ஸ்டெத் வச்சு சத்தம் கேப்பாங்க, உஸ்ஸுன்னு இரைச்சல் கேட்டா டாப்ளர் ஸ்கேன் எடுத்து அடைப்பு இல்லன்னு உறுதி பண்ணாம கழுத்த தொடவே மாட்டாங்க. கடந்த 3 மாசத்துக்குள்ள ஸ்ட்ரோக், ஹார்ட் அட்டாக் வந்திருந்தா பொதுவா இந்த டெஸ்ட தள்ளி வச்சிடுவாங்க, அத மறக்காம சொல்லிடுங்க.

அப்புறம்தான் கரோட்டிட் சைனஸ் மசாஜ். ஆள படுக்க வச்சு ஈசிஜி ஓட விட்டு, பிரஷர ஒவ்வொரு துடிப்புக்கும் பாக்குற மெஷின் இருந்தா அதையும் மாட்டி, டாக்டர் ஒரு பக்கம் மட்டும் அதிகபட்சம் 10 செகண்ட் அமுக்கி தேய்ப்பாரு. அப்புறம் மறுபக்கம். ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல அமுக்கவே கூடாது. படுத்து ஒண்ணும் வரலைன்னா டில்ட் டேபிள்ல கட்டி நிமித்தி வச்சு திரும்ப செய்வாங்க, சிலருக்கு நிமித்தினாத்தான் தெரியும். 3 செகண்ட் அல்லது அதுக்கு மேல இதயம் நின்னா, இல்லன்னா மேல் பிரஷர் 50 பாயிண்ட் விழுந்தா சென்சிட்டிவ்னு அர்த்தம். அதோட கூட அவருக்கு வழக்கமா வர்ற அதே மயக்கமும் வரணும், அப்பத்தான் சிண்ட்ரோம்னு சொல்வாங்க. வயசான நிறைய பேருக்கு கழுத்த அமுக்கினா 3 செகண்ட் நிக்கும், அவங்க வாழ்க்கைல ஒரு தடவை கூட மயங்கி இருக்க மாட்டாங்க, அவங்களுக்கு எந்த வைத்தியமும் வேண்டாம். அதனால இப்ப ஐரோப்பிய டாக்டருங்க 3 செகண்ட் பத்தாது, 6 செகண்ட்ட கணக்கா வச்சாதான் சரியா இருக்கும்னு சொல்றாங்க.

நான் கூட நின்ன ஒண்ண சொல்றேன். அருமனைப்பக்கம் ரப்பர் பால் வெட்டுற ஒரு அண்ணன், வயசு 60 தாண்டும், உயரத்துல பட்டை வெட்ட அண்ணாந்து பாக்குறப்ப விழுறாருன்னு கூட்டிட்டு வந்தாங்க. இடது பக்கம் தேய்ச்சப்ப ஒண்ணும் இல்ல, என்கிட்ட இப்ப ரப்பர் ஷீட்டு விலை என்னன்னு பேசிட்டே படுத்திருந்தாரு. வலது பக்கம் விரல் வச்சு மூணு எண்றதுக்குள்ள மானிட்டர்ல பீப் நின்னுச்சு, டாக்டர் உடனே கைய எடுத்துட்டாரு, ஆனா இதயம் வரல. ஈசிஜி பேப்பர் செகண்டுக்கு 25 மில்லிமீட்டர் ஓடும், அதுல வெறும் கோடா ஒரு சாணுக்கு கிட்ட வெளிய வந்துச்சு, 7 செகண்ட். கண்ணு மேல போச்சு, ஒரு கை பெட்ஷீட்ட பிசைஞ்சுது. அப்புறம் ஒரு பீப், ரெண்டாவது பீப், முகத்துல ரத்தம் திரும்புச்சு. அவரு என்னைப் பாத்து "கரண்டு போச்சா பிள்ளே?"ன்னு கேட்டாரு. அவரு வீட்டம்மா கதவு பக்கத்துல நின்னு "இதேதான், இதேதான் தோட்டத்துலயும் கேட்டாரு"ன்னு சொன்னாங்க. டாக்டருக்கு தேவைப்பட்டது அந்த ஒரு வார்த்தைதான்.

ஆபத்து இருக்கான்னா, இருக்கு, ஆனா கம்மி. ஸ்ட்ரோக் மாதிரி நரம்பு பிரச்சனை வர்றது ஆயிரத்துக்கு ரெண்டு மூணு பேருக்குத்தான், அதுலயும் நிறைய பேருக்கு தானா சரியாயிடும்.

அப்போ வீட்லயே நாம அமுக்கி பாக்கலாமா? ஆசான்கிட்ட போய் கழுத்துல வர்மம் பாக்கலாமா?

ரெண்டும் வேண்டாம். நம்ம மாவட்டத்துல வர்ம ஆசான்கள் மேல மரியாதை எனக்கும் உண்டு, முட்டு வலிக்கு போறவங்கள நான் தடுக்குறதில்ல. இந்த நோய் இருக்குறவங்க கழுத்துல மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது, எண்ணெய் போட்டு தடவுறது கூட முன்கழுத்துல வேண்டாம். போற இடத்துல முதல்லயே சொல்லிடுங்க.

டெஸ்ட் பாசிடிவ்னா எல்லாருக்கும் பேஸ்மேக்கர்தானா?

இல்ல. இந்த பக்கம் முழுக்க நீங்க படிக்கலைன்னாலும் இந்த ஒரு பதில படிச்சுட்டு போங்க.

இதுல மூணு வகை. முதல் வகையில இதயம் நிக்கிறதுதான் பிரச்சனை, அத கார்டியோ இன்ஹிபிட்டரினு சொல்வாங்க, இதுதான் அதிகம். ரெண்டாவது வகையில இதயம் பாட்டுக்கு ஓடும், ஆனா ரத்தக்குழாய் தளர்ந்து பிரஷர் கொட்டுன்னு இறங்கிடும், வாசோ டிப்ரசர். மூணாவது ரெண்டும் கலந்த மிக்ஸட். பேஸ்மேக்கரால இதயத்த துடிக்க வைக்க முடியும், அவ்வளவுதான் அதோட வேலை. தளர்ந்து போன ரத்தக்குழாய அது இறுக்காது. அதனால ரெண்டாவது வகைக்கு பெட்டி வச்சா காசும் போகும், நெஞ்சுல தழும்பும் வரும், மயக்கமும் அப்படியே வரும்.

மிக்ஸடா இல்லையான்னு பிரிச்சு பாக்குறது கொஞ்சம் சிக்கல், ஏன்னா இதயம் நின்னா பிரஷர் எப்படியும் விழத்தான் செய்யும். அதனால சில இடத்துல அட்ரோபின் ஊசி போட்டு, இதயம் நிக்காம பாத்துட்டு, திரும்ப ஒரு தடவை தேய்ப்பாங்க. அப்பவும் பிரஷர் விழுந்து மயக்கம் வந்தா பிரஷர் பங்கும் பெருசா இருக்குன்னு தெரிஞ்சிடும். டாக்டர்கிட்ட நீங்க கேக்க வேண்டியது "பேஸ்மேக்கர் எந்த கம்பெனி"ங்கறது இல்ல, "எனக்கு எந்த வகை, எத்தனை செகண்ட் நின்னுச்சு, பிரஷர் எவ்வளவு விழுந்துச்சு"ங்கறதுதான். பதில ரிப்போர்ட்ல எழுதி வாங்கிடுங்க.

அடிக்கடி மயக்கம், முன்னறிவிப்பே இல்லாம விழுறது, அடிபடுறது, வயசு 40க்கு மேல, கூடவே கார்டியோ இன்ஹிபிட்டரி வகை, இப்படி எல்லாம் சேந்திருந்தா பேஸ்மேக்கர் வைக்கணும்னு ஐரோப்பிய இதயவியல் சங்கத்தோட 2021 வழிகாட்டி உறுதியா சொல்லுது. அமெரிக்கக்காரங்களோட 2017 வழிகாட்டி கொஞ்சம் அடக்கி வாசிச்சு "வைக்கிறது நியாயம்"னு சொல்லுது. வாழ்க்கைல ஒரே ஒரு தடவை, அதுவும் டைட் காலர் போட்டப்ப மயங்கினவருக்கு காலர லூஸ் பண்ணாலே போதும், பெட்டி தேவையில்ல.

வச்சா உண்மையிலேயே பலன் இருக்கா? ஆதாரம் என்ன?

1992ல இத்தாலியில 60 பேர வச்சு ஒரு ஆய்வு நடந்துச்சு, ஏறக்குறைய 3 வருசம் பாத்ததுல பேஸ்மேக்கர் வைக்காதவங்கள்ல 57 சதவீதம் பேருக்கு மயக்கம் திரும்ப வந்துச்சு, வச்சவங்கள்ல 9 சதவீதம்தான். 2007ல சுவீடன்ல இன்னொரு 60 பேர், ஒரு வருசத்துல வைக்காதவங்கள்ல 40 சதவீதம், வச்சவங்கள்ல 10 சதவீதம் பேருக்கு மயக்கம் திரும்ப வந்துச்சு. பெரிய வித்தியாசம்தான். ஆனா ரெண்டுலயும் ஆள் எண்ணிக்கை கம்மி, யாருக்கு பெட்டி இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும், அதனால மனசு திடத்துல கிடைச்ச பலன் எவ்வளவு பெட்டியால கிடைச்சது எவ்வளவுன்னு பிரிக்க முடியாது. சும்மா விழுற வயசானவங்களுக்கும் இது உதவுமான்னு பாத்த ஆய்வுகள்ல ஒண்ணு 2001ல ஆமான்னுச்சு, 2010ல வந்தது பெருசா ஒண்ணும் இல்லன்னுச்சு. என் கண்ணால பாத்தத வச்சு சொல்லணும்னா, டெஸ்டுல நீளமா கோடு விழுந்து அதே மயக்கம் வந்தவங்க வச்சதுக்கப்புறம் நல்லா இருக்காங்க.

ஒரு வயரா, ரெண்டு வயரா?

இந்த நோய்க்கு ரெண்டு வயர்தான் நல்லது, மேல் அறைக்கு ஒண்ணு கீழ் அறைக்கு ஒண்ணு. கழுத்து அமுங்கும்போது மேல் அறை துடிக்காம நிக்கிறதும் உண்டு, மேல துடிச்சும் கீழ சிக்னல் வராம போறதும் உண்டு, அதனால மேல மட்டும் ஒரு வயர் வச்சா பிரயோஜனம் இல்ல. கீழ மட்டும் வச்சா இதயம் நிக்காது, ஆனா மேல் அறையும் கீழ் அறையும் ஒத்து ஓடாம பிரஷர் குறைஞ்சு சிலருக்கு அதுவே ஒரு தனி தலகறக்கமா ஆயிடும். சில மாடல்ல ரேட் ட்ராப்னு ஒரு வசதி உண்டு, துடிப்பு திடீர்னு இறங்கினத கண்டுபிடிச்சு கொஞ்ச நேரம் வேகமா துடிக்க வைக்கும்.

ஆபரேஷன் பெருசா?

நெஞ்ச பிளக்குறதெல்லாம் இல்ல. இடது காரை எலும்புக்கு கீழ மரத்துப்போற ஊசி போட்டு சின்னதா கீறி, ரத்தக்குழாய் வழியா வயர எக்ஸ்ரே பாத்துட்டே இதயத்துக்குள்ள கொண்டுபோய், பெட்டிய தோலுக்கு அடியில வச்சு தைப்பாங்க. ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் ஆகும். இடது கைக்காரங்கன்னா வலது பக்கம் வைக்கச் சொல்லி முன்னாடியே சொல்லுங்க. பெட்டி 20, 30 கிராம்தான் இருக்கும், உள்ளங்கைக்குள்ள அடங்கும். மறுநாளோ அதுக்கு மறுநாளோ வீட்டுக்கு.

வரக்கூடிய பிரச்சனைன்னா ரத்தம் கட்டுறது, வயர் இடம் மாறுறது, நுரையீரல்ல லேசா ஓட்டை விழுந்து காத்து சேர்றது, கிருமி தொத்து. எல்லாமே நூத்துல சில பேருக்குத்தான். ரத்தம் இளக்குற மாத்திரை சாப்பிடுறவங்க அத முன்னாடியே சொல்லணும், சுகர் உள்ளவங்க காயத்த கூடுதலா கவனிக்கணும்.

செலவு? கார்டுல வருமா?

கம்பெனி, மாடல், ரெண்டு வயரா, எம்ஆர்ஐக்கு ஒத்துக்குறதா, இத வச்சு ரேட் ரொம்ப மாறும், எஸ்டிமேட்ட எழுதி வாங்குங்க. எல்லைப்பக்கத்து ஆளுங்களுக்கு உள்ள தலைவலி என்னன்னா, கையில இருக்குறது தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டு கார்டு, பக்கத்துல இருக்குறது திருவனந்தபுரம். கேரளாவுல ஓடுறது காருண்யா ஆரோக்கிய சுரக்ஷா பத்ததி. பஸ் ஏறுறதுக்கு முன்னாடி போற ஆஸ்பத்திரியோட காப்பீட்டு கவுண்டருக்கு போன் பண்ணி உங்க கார்டு அங்க எடுக்குமான்னு கேளுங்க, அட்மிட் ஆனதுக்கப்புறம் கேட்டா பிரயோஜனம் இல்ல. எடுக்காதுன்னா நாகர்கோவில் ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ்ல போய் கேட்டுப் பாருங்க, அங்க இல்லாட்டி எங்க போகணும்னு எழுதிக் குடுப்பாங்க. எங்க வச்சாலும் டெஸ்ட் ரிப்போர்ட்டும் ஈசிஜி பேப்பரும் ஒரு செட் ஜெராக்ஸ் உங்ககிட்ட இருக்கணும், ஜெராக்ஸ்னு சொல்றது ஏன்னா ஈசிஜி பேப்பர் மை நாளாக நாளாக மங்கிடும்.

வச்சு எத்தனை நாள்ல ரப்பர் பால் வெட்ட போலாம்?

முதல் 4 லேர்ந்து 6 வாரம் அந்த பக்கத்து கைய தோளுக்கு மேல தூக்கக் கூடாது, கனமும் தூக்கக் கூடாது. வயர் முனை இதயத்துல ஒட்டிப் பிடிக்க அவ்வளவு நாள் வேணும். அதுக்காக கைய கட்டிப்போட்டு அசைக்காமலே வச்சீங்கன்னா தோள் இறுகிப் போயிடும், முழங்கை மணிக்கட்டு எல்லாம் சாதாரணமா அசைங்க. தலைய சீவுறது, சட்டை போடுறது எல்லாம் கவனமா பண்ணலாம். அப்புறம் டாக்டர் சரின்னா கத்தி எடுக்கலாம், பால் வாளிய கொஞ்ச நாளைக்கு மறு கையில தூக்குங்க. உயரத்துல அண்ணாந்து வெட்டுறத மட்டும் வேற யாருக்காவது விட்டா நல்லது. காயம் ஆறுற வரைக்கும் நனைக்காதீங்க, மேல எண்ணெய், மஞ்சள், பச்சிலை ஒண்ணும் போடாதீங்க. சிவந்து சூடா இருந்தா, நீர் வடிஞ்சா, காய்ச்சல் வந்தா, அன்னைக்கே வாங்க.

வச்சதுக்கப்புறமும் கண்ணு இருட்டுதே, பெட்டி கெட்டுப்போச்சா?

என்கிட்ட செக்கப்புக்கு வர்ற ஆளுங்க கோபமா கேக்குற கேள்வி இது. நான் பெட்டி இருக்குற இடத்துல தோல் மேல ஒரு வட்ட கருவிய வச்சு கம்ப்யூட்டர்ல பாப்பேன், பேட்டரி சரி, வயர் சரி, போன வாரம் இத்தனை தடவை துடிக்க வச்சிருக்குன்னு பெட்டி கணக்கு காட்டும். அதாவது இதயம் நிக்கல, பெட்டி அதோட வேலைய பண்ணியிருக்கு. அப்போ விழுந்தது பிரஷர். மேல சொன்ன மிக்ஸட் வகை. சரியான ஆளுக்கு வச்சாலும் 5 வருசத்துல அஞ்சுல ஒருத்தர் வரைக்கும் திரும்ப மயக்கம் வரலாம்னு ஐரோப்பிய வழிகாட்டியே சொல்லுது, வைக்கிறதுக்கு முன்னாடி இத ஏன் யாரும் சொல்லலைன்னு கேட்டா என்கிட்ட பதில் இல்ல.

அப்ப என்ன பண்ணலாம்? மொத்த மாத்திரையையும் ஒரு பையில போட்டு டாக்டர்கிட்ட கொண்டுபோங்க. பிரஷர் மாத்திரை, மூத்திரம் போற மாத்திரை, நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில வைக்கிறது, புரோஸ்டேட்டுக்கு ராத்திரி போடுற டாம்சுலோசின், இதெல்லாம் சேந்து பிரஷர கீழ இழுக்கும். புரோஸ்டேட் மாத்திரைய யாரும் இதயத்தோட சேத்து யோசிக்கிறதே இல்ல. தண்ணி நல்லா குடிக்கணும், வெயில்ல ரொம்ப நேரம் நிக்கக் கூடாது, டக்குனு எந்திரிக்கக் கூடாது. உப்பு கூட்டுறது, மிடோட்ரின், ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் மாதிரி பிரஷர ஏத்துற மருந்து எல்லாம் சிலருக்கு குடுப்பாங்க, ஆனா பிரஷர் நோயும் இதய பலவீனமும் இருந்தா அதுல சிக்கல் இருக்கு, டாக்டர்தான் முடிவு பண்ணணும். கண்ணு இருட்டுறப்ப வெக்கப்படாம அந்த இடத்துலயே உக்காருங்க, முடிஞ்சா படுத்துடுங்க.

மொபைல், மிக்ஸி, இண்டக்ஷன் அடுப்பு?

மொபைல பெட்டி இருக்குற பக்கத்து சட்டைப்பையில வைக்காதீங்க, 15 சென்டிமீட்டர் தள்ளி இருக்கணும், மறு காதுல பேசுங்க. காந்தம் உள்ள சில போன் கவர், சார்ஜர் எல்லாம் நெஞ்சுல ஒட்டி வைக்கக் கூடாது. மிக்ஸி, கிரைண்டர், டிவி, மைக்ரோவேவ் ஒண்ணும் பண்ணாது. இண்டக்ஷன் அடுப்புல இருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி நிக்கச் சொல்வாங்க, அவ்வளவு தள்ளி நின்னா தோசை திருப்ப முடியாது, கேஸ்லயே பண்ணுங்க. மரம் அறுக்குற செயின்சா, ஜெனரேட்டர் எல்லாம் நெஞ்சுல இருந்து ஒரு அடி தள்ளி. திருவிழாவுக்கு ஸ்பீக்கர் பாக்ஸ நெஞ்சோட அணைச்சு தூக்காதீங்க, உள்ள பெரிய காந்தம், அது பக்கத்துல இருக்குற வரைக்கும் பெட்டி உங்க துடிப்ப கவனிக்காம ஒரே ரேட்ல அடிக்கும், தள்ளி வச்சா பழையபடி ஆயிடும். வெல்டிங் வேலை பாக்குறவங்க தனியா டாக்டர்கிட்ட பேசணும்.

எம்ஆர்ஐ எடுக்கலாமா?

இப்ப வர்ற பெட்டி நிறைய எம்ஆர்ஐக்கு ஒத்துக்கும், ஆனா பெட்டியும் வயரும் ரெண்டுமே அப்படி இருக்கணும், முன்னாடியும் பின்னாடியும் செட்டிங் மாத்தணும். பெட்டி வச்சப்ப குடுத்த பேஸ்மேக்கர் கார்ட காட்டாம ஸ்கேன் ரூமுக்குள்ள போகாதீங்க. பிசியோதெரபில தோள் வலிக்கு சூடு வைக்கிற ஷார்ட்வேவ் டயாதெர்மி கண்டிப்பா கூடாது, இத சென்டர்ல கேக்க மறந்தாலும் நீங்க சொல்லணும்.

வண்டி ஓட்டலாமா?

பெட்டி வைக்கிறதுக்கு முன்னாடி, மயக்கம் வந்துட்டு இருக்குறப்ப, ஓட்டவே கூடாது. வச்சதுக்கப்புறம் பிரிட்டன்ல சொந்த காருக்கு ஒரு வாரம், லாரி பஸ்ஸுக்கு 6 வாரம் தள்ளிப்போடச் சொல்றாங்க. கை ஆறணும், மயக்கம் வரலைன்னு தெரியணும், அப்புறம் உங்க டாக்டர் சொல்றத கேளுங்க. பைக்க விட கார் பரவாயில்ல.

பேட்டரி தீந்தா?

டக்குனு நிக்காது. 8 லேர்ந்து 12 வருசம் வரும், இந்த நோய்ல பெட்டி எப்பவாவதுதான் அடிக்குதுங்கறதால கொஞ்சம் கூடவே வரலாம். தீர்றதுக்கு மாசக்கணக்குல முன்னாடியே செக்கப்புல தெரிஞ்சிடும், பெட்டிய மட்டும் மாத்துவாங்க, வயர் நல்லா இருந்தா அதே வயர்தான். அதுக்குத்தான் வருசத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை வரச் சொல்றது, நல்லா இருக்கேன்னு வராம இருந்தா எனக்கு எப்படி தெரியும்.

சபரிமலை போலாமா? வெள்ளறடை குரிசுமலை ஏறலாமா?

காயம் ஆறி, 6 வாரம் தாண்டி, இதயம் வேற வகையில நல்லா இருந்தா ஏறலாம். மெதுவா, தண்ணி குடிச்சு, உக்காந்து உக்காந்து. மெட்டல் டிடெக்டர் வாசல்ல சும்மா நடந்து போங்க, நடுவுல நிக்காதீங்க, கையில வச்சு தடவுற கருவிய மட்டும் பெட்டி மேல வைக்க விடாம கார்ட காட்டுங்க. மாலைய கழுத்த இறுக்காம தளர்வா போடுங்க.

கேக்கவே கஷ்டமா இருக்கு, ஆள் செத்தாலும் பெட்டி இதயத்த துடிக்க வச்சுட்டே இருக்குமா? உயிர் போக விடாதா?

தயங்கித் தயங்கி வராண்டாவுல வச்சு நிறைய பேர் கேட்டிருக்காங்க. இல்ல. பெட்டி சிக்னல் மட்டும்தான் அனுப்பும், இதயத் தசை உயிரோட இருந்தாத்தான் அதுக்கு துடிக்கும். கடைசி நேரத்துல அது யாரையும் இழுத்துப் பிடிச்சு கஷ்டப்படுத்தாது.

ஆனா தகனம் பண்றவங்க ஒண்ணு செய்யணும், உடம்ப எரிக்கிறதுக்கு முன்னாடி பெட்டிய எடுத்தாகணும், சூட்டுல பேட்டரி வெடிக்கும். ஆஸ்பத்திரில இறந்தா அங்கயே சொல்லி எடுத்துடுங்க, வீட்ல இறந்தா பக்கத்துல இருக்குற டாக்டர கூப்பிடுங்க, அஞ்சு பத்து நிமிச வேலை. மின் மயானத்துல கேக்குறதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிடுங்க. கல்லறையில அடக்கம் பண்றவங்களுக்கு எடுக்கணும்னு அவசியம் இல்ல.